பெயர் வெட்டிய பாத்திரம்

சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். தபால்தலை சேர்ப்பவர் வீட்டுக்குக் கடிதத்தோடு போனால், கடிதத்தை நம்மிடம் கொடுத்துவிட்டு உறையை வைத்துக்கொள்வார். பழைய நாணயம் சேர்ப்பவர் நம் சட்டைப் பையையே சந்தேகத்தோடு பார்ப்பார். ஆகவே, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் சிநேகிதர், "அண்ணா, மாடிக்கு வாங்கொ, ஒண்ணு காட்டறனுங்" என்று கூப்பிட்டபோது சற்றுத் தயக்கத்தோடுதான் படியேறினேன்.

மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே ஆறு மண் கெண்டிகள். ஒன்றுகூட நல்ல சாத்துக்குடியைவிடப் பெரிதில்லை. நான்கு செங்காவி நிறம், இரண்டு கறுப்பு. கைப்பிடி பின்பக்கம் வளைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. வயிற்றின் பக்கவாட்டிலிருந்து, வாணலிப் பிடியைப் போல நேராக நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் மூங்கில் இலைகள், ஒன்றில் மலையும் படகும், ஒன்றில் வயிறு முழுக்கச் சித்திர எழுத்துக்கள். எல்லாம் மண்ணிலேயே கீறிச் செதுக்கியவை.

"ஜப்பான் தேயிலைக் கெண்டிங் அண்ணா. கையத் தொடச்சுட்டுத் தொடுங்கொ."

துடைத்துக்கொண்டேன். அதே சமயத்தில் எனக்கு எவர்சில்வர் தம்ளரில் காப்பி வந்தது. அந்த வீட்டில் யாரும் தேநீர் குடிப்பதில்லை.

துணி வாங்க வந்த ஜப்பான் வியாபாரி ஒருவர் முதல் கெண்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். நம் சிநேகிதர் அதில் குண்டூசி போட்டு வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து வந்த இன்னொரு ஜப்பானியர் குண்டூசிகளைப் பார்த்துத் திடுக்கிட்டு, அடியிலிருந்த முத்திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பிறகு வந்த ஐந்தும் ஏலத்தில் எடுத்தவை. ஒன்றின் விலையைச் சொன்னார். நல்ல தையல் மெஷின் ஒன்று வாங்கலாம்.

இந்தக் கெண்டிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானில் வெகுகாலம் தேயிலையைப் பொடியாக்கிக் கிண்ணத்தில் கலக்கிக் குடித்து வந்தார்கள். பிரபுக்களும் மடத்துத் துறவிகளும் சடங்காக நடத்திய காரியம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில், இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் எளிய பழக்கம் பரவியது. ஊறவைக்க வேண்டுமானால் கெண்டி வேண்டுமல்லவா? அந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் பைஸாஓ என்ற கிழவர். அந்தப் பெயருக்கே 'தேநீர் விற்கும் கிழவர்' என்றுதான் பொருள். மடத்தை விட்டு வெளியே வந்தவர், அறுபது வயதளவில் கியோட்டோ நகரத்தில் தோளில் கூடையைச் சுமந்துகொண்டு தேநீர் விற்கத் தொடங்கினார். விலை என்று ஒன்றும் கிடையாது. விரும்பியதைப் போடலாம்.

அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிப் பகுதி. 1755-ல், எண்பதைக் கடந்த வயதில், இனி கூடையைச் சுமக்க முடியாது என்று தெரிந்ததும் அதையும் தேநீர்ச் சாமான்களையும் தீயில் இட்டார். தாம் போன பிறகு அவை தகாத கைகளில் சிக்கி அவமானப்படக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படியும் சில பொருள்கள் தப்பிப் பிழைத்தன. ஓஸகா நகரத்துக் கிமுரா கென்கடோ என்ற பெரிய சேகரிப்பாளர் அவற்றைத் தேடிப் பாதுகாத்தார். துறவிக்கும் சேகரிப்பாளருக்கும் நடந்த போட்டியில், எப்போதும்போல சேகரிப்பாளர்தான் ஜெயித்தார்.

சிநேகிதரின் கெண்டிகள் இதற்குப் பிற்பட்டவை. டோக்கொனாமே என்ற கடலோர ஊரில் செய்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே சூளைகள் எரிந்து வந்தன. பானையும் சாடியும் வனைந்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸுகியே ஜுமோன் போன்றவர்கள் செம்மண்ணில் தேயிலைக் கெண்டி செய்யத் தொடங்கினார்கள். 1878-ல் கோயே ஹோஜு என்ற சூளை முதலாளி, ஜின் ஷிஹெங் என்ற சீனரைத் தம் ஊருக்கு அழைத்து வந்தார். சீனாவில் யீஸிங் என்ற ஊர் செந்நிறக் கெண்டிக்குப் பேர்போனது. அங்கே சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து, ஒட்டிச் செய்வார்கள். அந்த வித்தையோடு, ஈரம் பாதி உலர்ந்த மண்ணில் கத்தியால் எழுத்தும் சித்திரமும் கீறும் வித்தையையும் ஜின் ஷிஹெங் கற்றுக் கொடுத்தார். டோக்கொனாமேக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

செதுக்குவதற்கு வாய்க்கும் நேரம் மிகவும் குறைவு. மண் ஈரமாக இருந்தால் கத்தி பட்ட இடம் குழையும். முழுதும் காய்ந்தால் ஓரம் பெயர்ந்து விடும். நடுவே ஒரு பதம். மைசூர்பாகு பதம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு சூளை. காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகிறது. உமிப் புகையில் மூச்சுத் திணற வைத்தால் அதே இரும்பு கறுப்பாகிறது.

"மண்ணுக்கு ஒண்ணும் வெலையில்லைங் அண்ணா. வெலையெல்லாம் இதுக்குத்தான்" என்று சிநேகிதர் ஒரு கெண்டியைத் தலைகீழாக்கினார். கைப்பிடிக்கு அருகே கட்டைவிரல் நகத்தளவு முத்திரை. செய்தவன் பெயர். சித்திரத்தின் ஓரத்திலும் பெயர் கீறியிருந்தது. அது செதுக்கியவனுடையதாம். ஆறாவதாக ஒரு கறுப்புக் கெண்டி ஓரமாக நின்றது. எனக்கு அழகாகத் தோன்றியது அதுதான். ஒரே ஒரு மூங்கில் கணு, அதில் மூன்று இலை.

"அதுல பேரில்லைங். அதனால சல்லிசாக் கெடச்சுது."

எனக்கு அதிகப்பிரசங்கித்தனம் வந்துவிட்டது. "மண்ணில் பெயர் கீறினதைப் பார்க்க ஜப்பான் ஏலத்துக்கா போகவேண்டும்? உங்கள் ஊர் நொய்யல் கரையிலேயே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கீறி வைத்திருக்கிறார்களே!" என்றேன்.

"கொடுமணலுங்களா? போர்டு பாத்துருக்கறனுங். எறங்கிப் பாத்ததில்லை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காரில் கிளம்பினோம்.

நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கிற நதி. கூடவே போகிறவர் அதன் கஷ்டகாலத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயப் பட்டறைக் கழிவின் குட்டையாகப் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. அந்த அணையைப் பற்றிப் பேசும்போது என் சிநேகிதர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். நானும் மேலே கேட்கவில்லை. என் மேல் இருந்த பனியனும் அந்தச் சாயத்தில் தோய்ந்ததுதானே.

கொடுமணல், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிறது. ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்தது. இன்றைக்குச் சின்னக் கிராமம். அன்றைக்கு மேல்கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வியாபாரப் பாதையில் இருந்த தொழில் நகரம். சங்க நூலான பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று குறிப்பிட்டு, இங்கே செய்த அணிகலன்களைப் புகழ்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தாரும், மாநிலத் தொல்லியல் துறையினரும் இங்கே தோண்டினார்கள். பேராசிரியர் கா. ராஜன் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தினார். இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பச்சைக்கல், நீலக்கல், ஸ்படிகம் ஆகியவற்றில் மணி கடைந்த பட்டறைகளின் மிச்சம் கிடைத்தது. நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வில்லைகளும் கிடைத்தன. இதைக் கேட்டதும் பனியன் முதலாளியின் முகம் மலர்ந்தது. "அப்பவே நூலுங்களா!" என்றார்.

ஆனால் நான் அவரை அழைத்துப் போனது எழுத்துக்காக. பெயர் கீறிய பானை ஓடுகள் இங்கே ஐந்நூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. தமிழ்ப் பிராமி எழுத்து. கண்ணன் ஆதன், பண்ணன், ஸம்பன் ஸுமணன் என்று மனிதர்கள். ராஜா இல்லை, மந்திரி இல்லை. மணி கடைந்தவனோ, உலை ஊதினவனோ, வண்டியில் சரக்கு ஏற்றினவனோ, யாரோ. ஓடுகள் பலவும் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. டோக்கொனாமேயில் பார்த்தோமே, அதே இரும்பு, அதே காற்று விளையாட்டு. காற்றுப் பட்ட புறம் சிவந்தது, படாத அகம் கறுத்தது.

ஒன்றில் மட்டும் பெரிய வித்தியாசம். ஜப்பான் கெண்டியில் மண் வேகுமுன் கீறினார்கள். அது செய்தவன் கை. கொடுமணல் ஓடுகளிலோ, பெரும்பாலும் வெந்த பிறகு கூர்மையான எதையோ கொண்டு கீறியிருக்கிறார்கள். அது வாங்கினவன் கை. குயவனிடம் பானையை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், 'இது என்னுடையது' என்று தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான். அழகுக்காக அல்ல, பானை மாறிப் போகாமல் இருப்பதற்காக. அப்படியென்றால் அக்கம்பக்கத்தில் அதைப் படிக்கவும் ஆள் இருந்திருக்க வேண்டுமல்லவா? படிக்கத் தெரியாத ஊரில் பெயர் எழுதி என்ன பிரயோஜனம்? எழுத்து அரண்மனைக்கும் மடத்துக்கும் மட்டும் உரியது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததை, அடுப்படிப் பானைகள் மறுத்துச் சாட்சி சொல்லுகின்றன.

இவ்வளவும் சிநேகிதருக்குப் பெருமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உழுது போட்டிருந்த மண்ணில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓடு கிடந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. துடைத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகள். ஒன்று நேராக நின்றது. மற்றது வளைந்து, உடைந்த ஓரத்தில் பாதியில் அறுந்து போயிருந்தது. என் நெஞ்சு படபடத்தது. சேகரிப்பவர்களைப் பார்த்துப் பயந்தவன், ஒரு நிமிஷத்தில் சேகரிப்பவனாகிவிட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எட்ட நின்று பார்த்தாள். "ஏஞ்சாமி, ஓட்டாஞ்சில்லுப் பொறுக்கறீங்களா? பாண்டி ஆடறதுக்கு வேணும்னா இன்னும் நெறையாக் கெடக்குது" என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் என் எழுத்து மேஜை மேல் அது ஒரு மாதம் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒரு நாள் 'ஆ' என்று படித்தேன். மறுநாள் 'ம' என்று படித்தேன். அதற்கு உடையவனுக்கு நானே ஒரு பெயர் வைத்து, ஒரு தொழில் கொடுத்து, ஏறக்குறைய கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன். கதை எழுதுகிறவனுடைய வியாதி அது.

தொல்லியல் படித்த பேராசிரியர் ஒருவர் ஒரு நாள் வந்தார். ஆவலோடு எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எந்த வயல்?"

"ஆற்றுக்கு வடக்கே..."

"மேட்டுப் பக்கமா, ஈமக் காட்டுப் பக்கமா? உழவு மண்ணா, பள்ளம் வெட்டிக் கொட்டிய மண்ணா? கூட வேறு ஓடு கிடந்ததா?"

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பாட்டியும் ஆடும்தான் ஞாபகத்தில் இருந்தன.

"இது எழுத்தாக இருக்கலாம். உடைமைக்காரனின் குறியாக இருக்கலாம். கலப்பைக் கீறலாகவும் இருக்கலாம். அடுத்த துண்டு பக்கத்திலேயே கிடந்திருந்தால், ஒட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இப்போது அது அங்கே, இது இங்கே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. ஒரு மனிதன் இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் காப்பாற்றி வைத்திருந்த பெயரை, ஒருவேளை, நான் பாதியில் வெட்டிவிட்டேன்.

அவர் எழுந்திருக்கும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். புதையல் சட்டம் என்று ஒன்று 1878-ல் வெள்ளைக்காரர்கள் போட்டது இந்த நாட்டில் உண்டாம். ஜின் ஷிஹெங் டோக்கொனாமேக்கு வந்த அதே வருஷம். மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் எடுத்தவன் ஜில்லாக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். "இங்கிலீஷில் சேகரிப்பவனுக்கும் கலெக்டர் என்றுதான் பெயர். சட்டம் சொன்ன கலெக்டர் நீங்கள் இல்லை" என்றார்.

ஜப்பான் கெண்டியில் தொடங்கிய எனக்கு, ஜப்பானியர் ஒருவரே வழி காட்டியதையும் சொல்லவேண்டும். நொபுரு கராஷிமா என்ற சரித்திர ஆசிரியரை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1960களில் சென்னையில் படித்து, தமிழும் கல்வெட்டும் கற்று, சோழர் காலத்து நில உரிமையையும் கிராமத்தையும் ஆராய்ந்தவர். 2013-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2015-ல் காலமானார். அவரும் பேராசிரியர் எ. சுப்பராயலு முதலிய நம் அறிஞர்களும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பெரியபட்டினம் போன்ற இடங்களில் சீனப் பீங்கான் சில்லுகளைத் தேடிச் சேகரித்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த அந்தச் சில்லுகளைப் பற்றிய நூல் 2004-ல் வெளிவந்தது. ஏலத்தில் அந்தச் சில்லுகளை யாரும் சீண்டமாட்டார்கள். ஆனால் எந்த ஊர், எந்த இடம் என்று எழுதி வைத்துச் சேகரித்ததால், சீனக் கப்பல் எந்தத் துறைக்கு வந்தது, எந்த நூற்றாண்டில் வந்தது என்று அவை பேசுகின்றன. நான் பொறுக்கியதும் சில்லுதான், அவர் பொறுக்கியதும் சில்லுதான். அவருடையது வாயைத் திறந்தது. என்னுடையது ஊமையாகிவிட்டது.

எனக்கு நினைவிருந்த மட்டும் இடத்தை ஒரு காகிதத்தில் எழுதி, படம் போட்டு, ஓட்டோடு சேர்த்துப் பேராசிரியரிடம் கொடுத்து, சேர வேண்டிய இடத்தில் சேர்க்கச் சொன்னேன். பழைய இடத்தில் போட்டால் பாவம் தீர்ந்துவிடாதா என்று கேட்டேன். தீராதாம். பறித்த பூவை மறுபடி செடியில் ஒட்டுகிற மாதிரி என்றார்.

இந்தக் கதையைச் சொல்ல மறுபடியும் திருப்பூர் போனேன். சிநேகிதர் கம்பெனியில் இருந்தார். தையல் மெஷின்களின் இரைச்சல் நடுவே உட்கார்ந்து சொன்னேன். எதிரே செக்கிங் மேஜையில் பெண்கள் பனியன்களைப் புரட்டிப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பனியனின் கழுத்திலும் ஏதோ ஒரு சீமைக் கம்பெனியின் பெயர். ஜப்பான் கெண்டியில் செய்தவன் பெயர் இருக்கிறது. கொடுமணல் பானையில் உடையவன் பெயர் இருக்கிறது. இதில் செய்தவர் பெயரும் இல்லை, போட்டுக்கொள்ளப் போகிறவர் பெயரும் இல்லை. நான் இதைச் சொன்னதும் சிநேகிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. சுவரோரத்துப் பலகையில் வரிசையாக அடுக்கியிருந்த எவர்சில்வர் தூக்குப்போசிகளை நோக்கி எல்லாரும் போனார்கள். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் யாரும் மாற்றி எடுக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூடியில், வயிற்றில், பிடிக்கு அருகே, பாத்திரக் கடையில் மெஷினால் வெட்டிக் கொடுத்த புள்ளி எழுத்துக்கள். பெயர்கள். ஒன்றிரண்டில் ஆணியால் தாங்களே கீறிக்கொண்டதும் இருந்தது. வெந்த பிறகு, வாங்கின கையால், மாறிப் போகாமல் இருக்க.

சிநேகிதரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவ்வளவு பேரும் அவர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அதில் பாதிப் பெயர்கள் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தன.

மாலையில் அவர் வீட்டு மாடியில், பெயரில்லாத அந்தக் கறுப்புக் கெண்டியை அலமாரியிலிருந்து அவரே எடுத்தார். கழுவினார். இலை போட்டு வெந்நீர் ஊற்றினார். அந்த வீட்டில் அது முதல் தேநீர். கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.